எடை மேடையில் நின்ற லாரிகளும், வந்து சேராத மெமரி பேஜும்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்காகத் திருத்திய வடிவம்.)

நான் ஆரம்பாக்கத்துக்காரன். ஆரம்பாக்கம் எங்கே இருக்கிறது என்று சென்னையில் கேட்டால் பாதிப் பேர் "ஆந்திராவா?" என்று கேட்பார்கள். இல்லைங்க, தமிழ்நாடுதான். என்.எச். 16-ல் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச் சாவடி, அப்புறம் எங்கள் ஊர். அதைத் தாண்டினால் தடா, அதாவது ஆந்திரா. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே பெஞ்சில் ஒருத்தர் தமிழில் ஆரம்பிப்பார், பக்கத்தில் இருப்பவர் தெலுங்கில் முடிப்பார்.

நான் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். பேர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அடுத்த எபிசோடுக்கு எனக்கு வேலை இருக்காது. ஐ.டி. டிபார்ட்மென்ட் என்றால் நானும் இன்னொரு பையனும்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நாங்கள்தான், சர்வர் படுத்தாலும் நாங்கள்தான்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. 2024 ஜனவரி 12. ஞாயிறு போகி, திங்கள் பொங்கல். அன்றைக்கு எங்கள் கேட்டில் இருந்து ரோடு வரைக்கும் லாரி நின்றது. அதற்குக் காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் அரைகுறையாகப் புரிந்து வைத்திருந்த ஒரு தொழில்நுட்பம்: விர்ச்சுவல் மெஷின் லைவ் மைக்ரேஷன்.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். ஒரு பெரிய சர்வருக்குள் பல கற்பனைக் கம்ப்யூட்டர்கள் ஓடும். அதுதான் விஎம். ஒவ்வொன்றும் தனக்குத் தனி சிபியூ, தனி மெமரி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். லைவ் மைக்ரேஷன் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த விஎம்மை நிறுத்தாமலேயே ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றுவது. உள்ளே வேலை பார்ப்பவருக்கு வீடு மாறியதே தெரியக் கூடாது. விஎம்வேர் கம்பெனி 2003-ல் வி-மோஷன் என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. இன்றைக்கு கூகுள் கிளவுடில் பராமரிப்பு வேலை வந்தால் வாடிக்கையாளரின் விஎம்மை இப்படித்தான் நகர்த்துகிறார்கள். நீங்கள் பயன்படுத்தும் ஏதோ ஒரு ஆப், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சர்வர் மாறியிருக்கலாம்.

எங்கள் கதை அவ்வளவு பெரிசில்லை. இரண்டே சர்வர். ஒன்று பழைய பிளாக்கில், முன்பு ஸ்டேஷனரி அடுக்கி வைத்திருந்த அறையில். இன்னொன்று புது பிளாக்கில். நடுவில் ஒரு ஃபைபர், 1 ஜிகாபிட் வேகம். ஹார்ட் டிஸ்க் எல்லாம் புது பிளாக்கில் ஒரு தனிப் பெட்டியில் இருக்கும், இரண்டு சர்வரும் அதையே பார்க்கும். அதனால் விஎம்மை நகர்த்தும்போது டிஸ்க்கைத் தூக்க வேண்டியதில்லை. மெமரியைத் தூக்கினால் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் முழுக்க கரண்ட் வருவதும் போவதுமாக இருந்து, பழைய பிளாக் யூபிஎஸ் பேட்டரி உயிரை விட்டுவிட்டது. விட்டுவிட்டது என்று கூடச் சொல்ல முடியாது, இழுத்துக்கொண்டு கிடந்தது. மணிக்கு ஒருமுறை கீச் கீச் என்று கத்தும். புது பேட்டரி வந்து இறங்கிவிட்டது, எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றார், பொங்கலுக்கு அவரும் ஊருக்குப் போக வேண்டுமே. ஆக வெள்ளி காலை 11 மணிக்குள் பழைய பிளாக் சர்வரைக் காலி செய்ய வேண்டும். அதில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் ஈஆர்பி டேட்டாபேஸ் விஎம். 64 ஜிபி மெமரி. எடை மேடை, கேட் பாஸ், இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் அதைத்தான் நம்பியிருந்தது.

எடை மேடை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லோடு ஏற்றும் முன் லாரி காலியாக ஒருமுறை ஏறும், ஏற்றிய பிறகு ஒருமுறை ஏறும். இரண்டு எடையும் டேட்டாபேஸில் போய், கழித்துப் பார்த்து, சீட்டு அச்சாகி, அதை வைத்து இன்வாய்ஸ், அதை வைத்து இ-வே பில். இ-வே பில் இல்லாமல் லாரி மாநில எல்லையைத் தாண்ட முடியாது. எல்லை எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் கொடுமை. அன்றைக்கு வரிசையில் நின்ற டிரைவர்களில் பாதிப் பேர் நெல்லூர், ஓங்கோல் பக்கம். அவர்களுக்கும் சங்கராந்தி. சனிக்கிழமை ராத்திரிக்குள் லோடை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற கணக்கில் நிற்கிறார்கள்.

எடை மேடையில் ஒரு அக்கா இருக்கிறார். இருபது வருஷமாக அந்த சீட்டில். அவர் போன் செய்தால் நான் எடுத்தே தீர வேண்டும்.

நான் காலை 9 மணிக்கே மைக்ரேஷனை ஆரம்பித்தேன். சாதாரண முறையில், அதாவது ப்ரீ-காப்பி. அது எப்படி வேலை செய்கிறது என்று வீடு மாற்றுவதை வைத்துச் சொல்கிறேன். பழைய வீட்டில் பாட்டி சமைத்துக்கொண்டிருக்கிறார். அவரை எழுப்பாமல் ஒவ்வொரு சாமானாகப் புது வீட்டில் அதே மாதிரி நகல் எடுத்து வைக்கிறீர்கள். எல்லாம் வைத்து முடித்துத் திரும்பினால், பாட்டி அதற்குள் நாலு பாத்திரத்தில் குழம்பு ஊற்றியிருப்பார். அந்த நாலை மட்டும் மறுபடி எடுத்துப் போகிறீர்கள். திரும்பி வந்தால் இரண்டு. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும்போது, "பாட்டி, ஒரு நொடி" என்று தூக்கிக் கொண்டுபோய் புது வீட்டு அடுப்படியில் உட்கார வைத்துவிடுகிறீர்கள்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க்கும் குழுவினரும் 2005-ல் ஸென் என்ற மென்பொருளில் இதைச் செய்து காட்டினார்கள். குவேக் 3 என்ற துப்பாக்கி கேம் சர்வரை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நகர்த்தினார்கள். நின்ற நேரம் 60 மில்லிசெகண்ட். கண் சிமிட்டுவதை விடக் குறைவு. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கு ஏற்பட்ட நம்பிக்கைதான் அன்றைய பிரச்சினைக்கு விதை என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பாட்டி குழம்பு ஊற்றும் வேகத்தை விட நீங்கள் சாமான் தூக்கும் வேகம் அதிகமாக இருக்க வேண்டும். 1 ஜிகாபிட் லைனில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு 110 எம்பி சொச்சம். 64 ஜிபியை ஒருமுறை முழுசாக அனுப்பவே பத்து நிமிஷம் ஆகிறது. எங்கள் டேட்டாபேஸ் அன்று நொடிக்கு 150 எம்பி அளவுக்கு மெமரியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு முன்னால் அக்கவுண்ட்ஸில் யாரோ காலாண்டு ரிப்போர்ட்டை ஓட விட்டிருந்தார்கள். நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. திரையில் 97 சதவீதம் வரும், மறுபடி 91-க்கு இறங்கும். 96 வரும், 90-க்கு இறங்கும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி.

இதற்கென்று ஒரு வசதி உண்டு, ஆட்டோ-கன்வர்ஜ் என்று பெயர். விஎம்மின் சிபியூவையே கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுப் பிடித்து நிறுத்துவது. முதலில் 20 சதவீதம் குறைக்கும், போதவில்லை என்றால் 10, 10 ஆக ஏற்றும். பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் போட்டிருந்தேன். பத்து மணிக்கு முதல் போன் வந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் தூங்குது."

"அஞ்சு நிமிஷம்க்கா."

ஐடி வேலையில் நாங்கள் சொல்லும் முதல் பொய் இதுதான்.

மணி 10.20. எலக்ட்ரீஷியன் வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கிறது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது போஸ்ட்-காப்பி.

இது தலைகீழ் முறை. முதலில் பாட்டியைத் தூக்கிப் புது வீட்டில் உட்கார வைத்துவிடுவது. வீடு காலியாக இருக்கும். அவர் "கரண்டி எங்கே?" என்று கேட்டால் ஓடிப்போய்ப் பழைய வீட்டில் இருந்து கரண்டியை எடுத்து வர வேண்டும். கேட்காத நேரத்தில் மற்ற சாமான்களை வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருப்போம். எந்தச் சாமானும் ஒரே ஒருமுறைதான் பயணம் செய்யும், ஆகவே எப்படியும் முடிந்துவிடும். வாலைத் துரத்தும் கதை கிடையாது. பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹைன்ஸும் கார்த்திக் கோபாலனும் 2009-ல் இதைப் பற்றி எழுதினார்கள். கோபாலன் நம் சென்னை ஐஐடியில் எம்எஸ் படித்தவர். ஸென்னுக்கு எழுதிய அந்த யோசனை, 2015 கடைசியில் நாங்கள் பயன்படுத்தும் கியூஇஎம்யூவுக்கும் வந்தது. அதற்கு லினக்ஸ் கெர்னலிலேயே ஒரு புது வசதி தேவைப்பட்டது. யூசர்ஃபால்ட்எஃப்டி என்று பெயர். "இந்த பேஜ் இன்னும் வரவில்லை, வரும்வரை இந்த சிபியூவை நிறுத்தி வை, வந்ததும் எழுப்பு" என்று கெர்னலும் கியூஇஎம்யூவும் பேசிக்கொள்ளும் வழி அது.

ஆனால் இதில் ஒரு சிக்கல்: போஸ்ட்-காப்பி வேண்டும் என்பதை மைக்ரேஷனை ஆரம்பிக்கும்போதே சொல்ல வேண்டும். பாதியில் மனம் மாற முடியாது. நான் சொல்லவில்லை. அதனால் ஓடிக்கொண்டிருந்ததை ரத்து செய்தேன். ஒன்றேகால் மணி நேர உழைப்பு வீண். மறுபடி ஆரம்பித்தேன், ஆத்திரத்தில் முதல் சில நொடிகளிலேயே போஸ்ட்-காப்பிக்கு மாற்றிவிட்டேன். விஎம் புது பிளாக்குக்குத் தாவியது. ஒரு நொடி கூட நிற்கவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

மூன்றாவது நிமிஷம் அக்கா. "தம்பி, முன்னாடி தூங்கிச்சு. இப்ப செத்தே போச்சு. ஒரு கிளிக்குக்கு ஒரு டீ குடிச்சிடலாம்."

ஒரு சீட்டு அடிக்க சாதாரணமாக ஒரு நொடி. அன்று நான் நேரில் போய் வாட்சைப் பார்த்து எண்ணியது 40 நொடி. சில சமயம் மென்பொருள் பொறுமை இழந்து எர்ரர் காட்டிவிடும், லாரியை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசை. அதற்குப் பின்னால் ஹாரன். ஒரு டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் வளர்ந்ததால் எனக்கு முழுசாகப் புரிந்தது, இங்கே சொல்ல முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் 40 நொடி? 1 ஜிகாபிட் லைன், ஒரு பேஜ் வெறும் 4 கேபி. அது லைனில் போக 40 மைக்ரோசெகண்ட் கூட ஆகாது. அப்புறம் என்ன?

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் குற்றவாளி நானே. டேட்டாபேஸ் வேகமாக ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு அந்த விஎம்முக்கு 2 எம்பி ஹியூஜ்-பேஜ் போட்டு வைத்திருந்தேன். போஸ்ட்-காப்பியில் ஒரு பேஜ் முழுசாக வந்து சேர்ந்தால்தான் சிபியூவை எழுப்ப முடியும், முக்கால்வாசி வந்தால் போதாது. கரண்டி கேட்டால் மொத்த அலமாரியையும் இறக்கினால்தான் உண்டு என்கிற மாதிரி. 2 எம்பி என்றால் எங்கள் லைனில் கிட்டத்தட்ட 18 மில்லிசெகண்ட். நல்ல வேளை, 1 ஜிபி ஹியூஜ்-பேஜ் போடவில்லை. போட்டிருந்தால் ஒவ்வொரு பேஜுக்கும் 9 நொடி.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இதைப் புரிந்துகொள்ள எங்கள் ரயிலைப் பார்த்தால் போதும். சென்னை புறநகர் மின்ரயில்கள் பல கும்மிடிப்பூண்டியோடு சரி. அதற்கு மேல் ஆரம்பாக்கம் வர மெமு மாதிரி சூலூர்பேட்டை போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். போக ஒரு லைன், வர ஒரு லைன். முன்னால் ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். கல்யாண முகூர்த்தம் தவறினாலும் சரி.

பழைய கியூஇஎம்யூவில் நடந்தது இதேதான். புது சர்வர் "இந்த பேஜ் அவசரம்" என்று கேட்கும். பழைய சர்வர் நியாயமாகவே நடந்துகொள்ளும், அந்த பேஜைத் தன் பட்டியலின் தலையில் போடும். ஆனால் அதற்கு முன்பே பின்னணியில் சாவகாசமாக அனுப்பிக்கொண்டிருந்த பேஜ்கள் சாக்கெட்டில் ஏறிவிட்டிருக்கும். டிசிபியில் ஏறியது ஏறியதுதான், ஏறின வரிசையில்தான் இறங்கும். லினக்ஸ் அந்த அனுப்பும் பஃபரைத் தானாகவே சில எம்பி வரை பெரிசாக்கிக்கொள்ளும். 4 எம்பி நிரம்பியிருந்தால் அதுவே 36 மில்லிசெகண்ட். அதாவது ஸ்டேஷன் மாஸ்டர் உங்கள் மெமுவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார், ஆனால் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பிய கூட்ஸ் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறது. யாரும் சாமான் கேட்காத நேரத்தை வீணாக்காமல் அனுப்பலாம் என்று வைத்த பின்னணி வேலையே, அவசரத்துக்குக் குறுக்கே நின்றது.

இரண்டையும் கூட்டினால் ஒரு பேஜுக்கு 50, 60 மில்லிசெகண்ட். ஒரு எடைச் சீட்டு அடிக்க டேட்டாபேஸ் நூற்றுக்கணக்கான இடங்களைத் தொடும், ஒன்றைத் தொட்டு அதில் இருப்பதைப் படித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும். ஆகவே எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். 300 பேஜ் தொட்டால் 18 நொடி. அதோடு இன்வாய்ஸ், கேட் பாஸ் என்று மற்றவர்களும் அதே வரிசையில். 40 நொடி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

இதற்கான மருந்து எங்கள் கேட்டில் லாரி நிற்பதற்கு முன்பே வந்திருந்தது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பீட்டர் ஷூ என்ற பொறியாளர் எழுதிய போஸ்ட்-காப்பி ப்ரீஎம்ப்ட் என்ற வசதி, 2022-ல் கியூஇஎம்யூ 7.1-ல் சேர்ந்தது. யோசனை என்னவோ ரொம்ப எளிமை: அவசர பேஜுக்கு என்று தனியாக இன்னொரு சாக்கெட். கூட்ஸுக்கு ஒரு தண்டவாளம், மெமுவுக்கு ஒரு தண்டவாளம். வந்து சேரும் பக்கத்திலும் அதை வாங்கி வைக்கத் தனி ஆள். எங்களிடம் இருந்தது உபுண்டு 22.04, அதில் கியூஇஎம்யூ 6.2. இரண்டு படி பின்னால்.

யோசனை எளிமைதான், ஆனால் அதை எழுதுவது எளிதில்லை. இரண்டு தண்டவாளம் போட்டுவிட்டால் ஒரே பேஜ் இரண்டிலும் வந்துவிடக் கூடாது. பின்னணி லைனில் பாதி போய்க்கொண்டிருக்கும் ஹியூஜ்-பேஜையே அந்தப் பக்கம் அவசரமாகக் கேட்டால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். நான் அந்தக் குறிப்புகளைப் படித்தபோது, இதை எழுதியவர் எங்காவது ஒரு ரயில்வே கிராஸிங்கில் நிறைய நேரம் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

2009 கட்டுரையிலும் இதே வலிக்கு வேறு ஒரு மருந்து இருந்தது. பாட்டி கரண்டி கேட்டால் கரண்டியை மட்டும் கொண்டு வராதே, அதைச் சுற்றி இருந்த மத்து, ஜல்லிக்கரண்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு வா, அடுத்து அதைத்தான் கேட்பார். கேட்ட இடத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே அனுப்புவது. அதோடு, ஆளில்லாத காலி பேஜ்களை அனுப்பவே வேண்டாம் என்பதற்கும் ஒரு வழி சொன்னார்கள். வீடு மாறும்போது பழைய பேப்பரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகாதே என்று அம்மாக்கள் சொல்வதுதான்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். தாமதம் எல்லாம் கூடப் பரவாயில்லை. நான் உண்மையிலேயே பயந்தது வேறு ஒரு நிமிஷத்தில்.

64 ஜிபியில் பெரும்பாலும் பழைய சர்வரிலேயே இருக்கும்போது தாவிவிட்டேன் இல்லையா? அதனால் பத்து நிமிஷத்துக்கு மேல் அந்த விஎம் இரண்டு வீட்டிலும் இல்லாமல், இரண்டு வீட்டிலும் இருந்துகொண்டிருந்தது. புதிதாக எழுதியதெல்லாம் புது பிளாக்கில், இன்னும் வராதது பழைய பிளாக்கில். ப்ரீ-காப்பியில் நடுவழியில் ஏதாவது ஆனால் பழைய சர்வரில் விஎம் முழுசாக இருக்கும், ஒன்றும் குடிமுழுகாது. போஸ்ட்-காப்பியில் அந்தக் காப்பு கிடையாது. நடுவில் கேபிள் பிடுங்கிக்கொண்டால் விஎம்மை அப்படியே நிறுத்தி வைத்து, லைன் வந்ததும் தொடரலாம், அந்த வசதி 2018-ல் வந்துவிட்டது. ஆனால் பழைய சர்வரே அணைந்துவிட்டால்? அதில் இருந்த பேஜ்கள் எங்கேயும் இல்லை.

நான் எந்த சர்வரில் இருந்து நகர்த்திக்கொண்டிருந்தேன்? செத்துக்கொண்டிருக்கும் யூபிஎஸ்ஸில் தொங்கும் சர்வரில் இருந்து. எதற்காக நகர்த்தினேனோ, அந்தக் காரணமே இந்த முறையைத் தொடக் கூடாது என்பதற்கான காரணம். எனக்கு இது உறைத்தது ஆறாவது நிமிஷம், ட்யூப் லைட் அணைந்தபோது.

கரண்ட் போனால் எங்கள் ஜெனரேட்டர் எழுந்து நிற்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அதுவரை யூபிஎஸ் தாங்க வேண்டும். கீச் கீச் என்று நின்று நின்று கத்திக்கொண்டிருந்தது தொடர்ச்சியாகக் கத்த ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சர்வரின் பச்சை விளக்கைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

தாங்கியது. ஜெனரேட்டர் வந்தது.

விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது. டிஸ்க் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. விஎம்மை மறுபடி ஆன் செய்தால் டேட்டாபேஸ் தன் லாகைப் படித்து எழுந்திருக்கும். அந்த நேரத்தில் பாதியில் இருந்த பதிவுகள் மட்டும் போயிருக்கும். எடை மேடையில் ஏறி நின்ற லாரிகள், அச்சாகிக்கொண்டிருந்த சீட்டுகள். அதைச் சரி செய்ய அன்று முழுக்க ஆகியிருக்கும். அந்த டிரைவர்கள் பொங்கலுக்கு எங்கள் கேட்டில்தான் பொங்கியிருப்பார்கள்.

10.40-க்கு மைக்ரேஷன் முடிந்தது. முடிந்த நொடியில் எல்லாம் சாதாரண வேகத்துக்கு வந்துவிட்டது. வரிசை தீர மத்தியானம் மூன்று மணி ஆனது. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "என்னப்பா, பொங்கல் போனஸ் வாங்கிட்டு இந்த வேலையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று கேட்டால், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இரண்டு சர்வரையும் ஆபீஸ் ஸ்விட்ச் வழியாகப் போகாமல் 10 ஜிகாபிட்டில் நேராக இணைத்தோம். ஃபைபர் ஏற்கெனவே இருந்தது, இரண்டு முனையிலும் மாட்டும் மாட்யூலை மட்டும் மாற்றினோம். 64 ஜிபி பத்து நிமிஷத்துக்குப் பதில் ஒரு நிமிஷம் ஆனது. உண்மையில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிட்டது, மற்றதெல்லாம் என் சுவாரஸ்யத்துக்கு என்று கூடச் சொல்லலாம். ஹியூஜ்-பேஜை எடுத்துவிட்டேன். டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவாகியிருக்க வேண்டும், இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உபுண்டு 24.04-க்கு மாறினோம், அதில் கியூஇஎம்யூ 8.2, ப்ரீஎம்ப்ட் உண்டு. அதை இரண்டு பக்கமும் போட்டால்தான் வேலை செய்யும். கூடவே பின்னணியில் போகும் கூட்ஸுக்கு ஒரு வேக வரம்பு வைத்தேன். தனித் தண்டவாளம் போட்டாலும் கடைசியில் இரண்டும் ஒரே கேபிளில்தான் போகின்றன.

போஸ்ட்-காப்பிக்கு எப்போது தாவுவது என்பதும் மாறிவிட்டது. இப்போது முதலில் ப்ரீ-காப்பியில் ஒரு முழுச் சுற்று போக விடுகிறேன். அதற்குள் மாறிப்போனது இரண்டு மூன்று ஜிபிதான் மிச்சம் இருக்கும், அப்போது தாவினால் இரண்டு வீட்டிலும் கால் வைத்திருக்கும் நேரம் சில நொடிகள்தான். ஆனால் ஒன்று, மிச்சம் இருப்பதெல்லாம் பாட்டி அடிக்கடி தொடும் பாத்திரங்கள். அதனால் அந்த நொடிகளில் கேள்வி மேல் கேள்வி வரும். ப்ரீஎம்ப்ட் நிஜமாக உதவுவது அங்கேதான். நகர்த்தும் முன் விஎம் எவ்வளவு வேகமாக மெமரியை மாற்றுகிறது என்று அளந்து சொல்லவும் கியூஇஎம்யூவில் கட்டளை இருக்கிறது. அன்றைக்கு அதை ஒருமுறை ஓட்டியிருந்தால் 9 மணிக்கே தெரிந்திருக்கும். அக்கவுண்ட்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும், அதற்குக் கட்டளை கூடத் தேவையில்லை.

சாகப்போகும் சர்வரில் இருந்து போஸ்ட்-காப்பி கிடையாது. இது எங்கள் அறைக் கதவில் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ப்ரீ-காப்பி முடியவில்லை என்றால் விஎம்மைப் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு நகர்த்துவோம்.

இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குப் பிடிப்பதில்லை. "நிறுத்தாம நகர்த்துறதுதானே டெக்னாலஜி?" என்பார்கள். வங்கிக்கும் கிளவுட் கம்பெனிக்கும் அது வேண்டும், அவர்களுக்குப் பத்து நிமிஷம் என்பது எட்டாத ஆடம்பரம். எங்களுக்கு? அந்தக் கேள்வியை நான் அக்காவிடமே கேட்டேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா காலையில ஏழு மணிக்கு நிறுத்திக்க சொல்லியிருப்பேனே தம்பி. ஏழரை வரைக்கும் ஒரு லாரியும் வராது." இருபது வருஷமாக அந்த சீட்டில் இருப்பவரிடம் நான் கேட்கவே இல்லை. உபுண்டு மாற்றும்போது அப்படித்தான் செய்தோம். காலை ஏழு மணி, விஎம்மை நிறுத்தி, மாற்றி, ஏழு இருபதுக்கு ஆன்.

அப்புறம் பல தடவை லைவாக நகர்த்திவிட்டோம். ஒருமுறை வேண்டுமென்றே மத்தியானம் லாரி நெரிசலில், போஸ்ட்-காப்பியில், அக்காவுக்குச் சொல்லாமல் செய்தேன். சாயங்காலம் போய், "மத்தியானம் ரெண்டரை மணிக்கு ஏதாவது ஸ்லோவா இருந்துச்சாக்கா?" என்றேன்.

"ரெண்டரைக்கா? பிரிண்டர்ல பேப்பர் சிக்கிச்சு. உங்க பையன் வந்து எடுத்துக் குடுத்தான்."

கேள்வி இருந்தால் எழுதி அனுப்புங்கள். லாக் ஃபைல் அனுப்பினால் இன்னும் சந்தோஷம், ஆனால் பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்புங்கள், போன தடவை ஒருத்தர் அப்படியே அனுப்பிவிட்டார். எனக்கு 6.50 மெமுவைப் பிடிக்க வேண்டும். முன்னால் கூட்ஸ் இல்லாமல் இருந்தால் சரி.